பாலாறும் குடியாட்சியும்

பாலாறு என்னும் பெயர் இனியது. ஆயினும், ஆண்டின் பெரும்பகுதியில் அவ்வாற்றில் நாம் காண்பது பாலும் அன்று, நீரும் அன்று, பரந்து கிடக்கும் மணலே. கருநாடகத்தின் நந்தி மலைப் பக்கத்தில் தோன்றி, ஆந்திர நிலத்தைச் சிறிது தொலைவு கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்துள் புகும் இவ்வாறு, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு ஆகிய ஊர்களின் வழியே சென்று, கல்பாக்கத்திற்கு அருகில் கடலோடு கலக்கிறது. மேலே மணல் காய்ந்து கிடந்தாலும், அடியில் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அந்த ஊற்றை நம்பியே இக்கரை மக்கள் கிணறு தோண்டினர். நெல்லும் கரும்பும் தென்னையும் வளர்த்தனர்.

அதே நீரை நம்பி மற்றொரு தொழிலும் இங்கே வளர்ந்தது. அது தோல் பதனிடும் தொழில். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பெயர்கள் கடல் கடந்த நாடுகளின் வணிகர்க்கும் தெரியும். பச்சைத் தோலை உப்பிட்டு, ஊறவைத்து, சுண்ணாம்பில் இட்டு, மயிர் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்துவது பழைய முறை. பின்னர், வெறும் பதத்தோலை விடுத்து, முற்றிலும் முடிந்த தோலையும் காலணியையுமே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று அரசு ஊக்கியது. குரோம் என்னும் உலோகத்தின் உப்புகளைக் கொண்டு விரைவில் பதனிடும் முறை பரவியது. தொழில் பெருகிற்று, பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிந்தது. நாட்டிற்கு அயல்நாட்டுச் செலாவணி வந்தது. நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் முடிந்த தோலில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு தமிழகத்தினுடையது என்று 1996ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமே எடுத்துக் கூறியது.

ஆனால், ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டும். அந்நீர் தோலோடு கடல் கடந்து போவதில்லை. உப்பும் குரோமும் சுண்ணாம்பும் நாற்றமும் ஏந்தி, ஓடையிலும் வயலிலும் ஆற்று மணலிலும் இறங்குகிறது. இறங்கிய உப்பு எளிதில் வெளியேறுவதில்லை. கிணற்று நீர் கரித்தது. அதைப் பாய்ச்சிய நிலம் களர் பூத்தது. தென்னை காய்ப்பு ஓய்ந்தது. பெண்களும் சிறுவர்களும் குடிநீருக்காகக் குடத்துடன் நெடுந்தொலைவு நடந்தனர். தோல் தொழில் நிறைந்த பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்று, வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. இக்கேடு பாலாற்றங்கரையோடு நின்றதும் அன்று. திண்டுக்கல் பக்கத்தில் 13 ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் ஆராய்ந்தபோது, 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டிருந்தன.

இந்நிலையில் ஒரு கேள்வியை எண்ணிப் பார்ப்போம். தொழிற்சாலைகள் நிறைந்த ஓர் ஊரில் மக்களையெல்லாம் ஒரு திடலில் கூட்டி, “தொழில் இப்பொழுது நடப்பது போலவே நடக்கலாமா?” என்று கேட்டு, கை தூக்கச் சொன்னால் முடிவு என்னவாக இருக்கும்? ஆலையின் உரிமையாளர் கை தூக்குவார். அங்கே கூலி பெறுவோர் கை தூக்குவர். தோல் ஏற்றும் வண்டிக்காரர், சுண்ணாம்பு விற்போர், தேநீர்க் கடைக்காரர், வீட்டை வாடகைக்கு விட்டவர் ஆகிய எல்லாரும் கை தூக்குவர். அவர்களுள் தீயவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டு உலையை நினைத்தே கை தூக்கினர். ஓடையின் ஓரத்தில் நிலம் வைத்திருக்கும் சில குடும்பத்தினர் மட்டும் கையைக் கீழே வைத்திருப்பர். எண்ணினால் அவர்கள் தோற்பர். அடுத்த ஆண்டு எண்ணினாலும் தோற்பர். பத்தாம் ஆண்டிலும் தோற்பர்.

எண்ணித் துணிவது குடியாட்சியின் வழி. அதனை நான் குறைத்துக் கூறவில்லை. கருத்து வேறுபட்ட மக்கள் அடிதடியின்றி ஒரு முடிவுக்கு வர, தலைகளை எண்ணுவதைவிடச் செம்மையான முறையை மாந்தர் இன்னும் கண்டிலர். ஒருவன் விருப்பம் ஊர் முழுமையையும் ஆள்வதைக் காட்டிலும், பலர் விருப்பம் சிலர் விருப்பத்தை விஞ்சுவது நேர்மையானதே. எந்தத் தெருவிற்கு முதலில் சாலை போடுவது, வரியை எவ்வளவு உயர்த்துவது, சந்தையை எந்நாளில் கூட்டுவது ஆகியவற்றைப் பெரும்பான்மையோர் முடிவு செய்யட்டும். இன்று தோற்றவர் நாளை தம் பக்கத்தை எடுத்துக் கூறி, நாலு பேரை மனம் மாற்றி, வெற்றி பெறலாம். இன்றைய பெரும்பான்மை நாளைய சிறுபான்மை ஆகலாம் என்ற நிலை இருக்கும்வரை, தோல்வி ஒருவனை நசுக்காது.

பிறந்த சமயத்தாலோ, பேசும் மொழியாலோ, நிலம் அமைந்த இடத்தாலோ சிலர் எந்நாளும் சிறுபான்மையாகவே இருக்க நேர்ந்தால் நிலை வேறாகும். கருத்தை மாற்றலாம், கிணற்றைப் பெயர்த்து எடுத்துச் செல்ல இயலுமோ? அரசியல் சட்ட வரைவை 1948ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் அரசியல் நிருணய சபையில் எடுத்து வைத்த டாக்டர் அம்பேத்கர், இந்த வேற்றுமையை நன்கு உணர்ந்திருந்தார். நம் நாட்டில் பெரும்பான்மை என்பது கொள்கையால் அமைந்தது அன்று, பிறப்பால் அமைந்தது என்றும், அத்தகைய பெரும்பான்மையின் ஆட்சியைச் சிறுபான்மையோர் நம்பி ஏற்றுக்கொண்டிருக்க, அவர்களை வேற்றுமையாக நடத்தாதிருப்பது பெரும்பான்மையோரின் கடமை என்றும் அவர் கருதினார். அதே உரையில், சிறுபான்மையோர் என்றென்றும் தம்மைத் தனித்து நிறுத்திக்கொள்ள முயல்வதும் தவறே என்று கூற அவர் தயங்கவில்லை.

பெரும்பான்மை, சிறுபான்மை என்னும் சொற்களைக் கேட்டவுடன், சமயத்தையே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வாழும் இசுலாமியரை எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழக மக்களுள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவானவர் அவர்கள். ஆனால், இவ்வூர்களின் பல தெருக்களில் அவர்களே பெரும்பான்மையோர். வேறு சமயத்தார் அங்கே சிலர். தமிழ் பேசும் நாமோ சென்னையில் பெரும்பான்மையோர். புதுதில்லியில் கூடும் நாடாளுமன்றத்தில் சிலர். 1965ஆம் ஆண்டில் இந்தி ஒன்றே ஆட்சிமொழி ஆகிவிடுமோ என்று தமிழகம் கொதித்து எழுந்தது. தலை எண்ணும் கணக்கு ஒன்றே போதாது என்பதை அன்று நாம் நாடு முழுமைக்கும் உரத்துச் சொன்னோம். அதே தமிழர், தம் ஊரில் உருது பேசுவோரையும் தெலுங்கு பேசுவோரையும் நோக்கும்போது அந்தச் சொல்லை மறந்துவிடல் ஆகாது. எல்லைக் கோட்டைச் சிறிது நகர்த்தினால் போதும், பலர் சிலராவர், சிலர் பலராவர். சிறுபான்மையின் உரிமை யாரோ சிலருக்கு நாம் இடும் பிச்சை அன்று என்பது இதனால் தெளிவாகும்.

இதனை அறிந்தே, நம் அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் சில உரிமைகளை வாக்கெடுப்பின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தனர். உயிர் வாழும் உரிமை 21ஆம் பிரிவில் இருக்கிறது. தம் மொழியையும் எழுத்தையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ளும் உரிமை 29ஆம் பிரிவில் இருக்கிறது. சமயத்தாலோ மொழியாலோ சிறுபான்மையானோர் தமக்கு விருப்பமான கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமை 30ஆம் பிரிவில் இருக்கிறது. வாணியம்பாடியில் 1919ஆம் ஆண்டில் தொடங்கிய இசுலாமியாக் கல்லூரியும் வேலூரில் அதற்கும் முன்னரே எழுந்த ஊரிசுக் கல்லூரியும் அந்த உரிமை எழுதப்படுவதற்கு முன்பே அதன் பயனைக் காட்டி நின்றன. இவ்வுரிமைகளை அரசு மீறினால், எளிய குடிமகனும் 32ஆம் பிரிவின்படி நேரே உச்சநீதிமன்றத்தின் வாயிலைத் தட்டலாம்.

இச்சட்டம் உருவாகியபோது, சென்னையிலிருந்து சென்ற உறுப்பினருள் ஒருவர் முகம்மது இசுமாயில் சாகிபு. மக்கள் அவரைக் காயிதே மில்லத் என்று அழைத்தனர். அவரும் தோல் வணிகத் துறையில் ஈடுபட்டிருந்தவரே. இசுலாமியர்க்குத் தனித் தொகுதி வேண்டும் என்று 1949ஆம் ஆண்டு மே திங்களில் அவர் வாதிட்டார். சபை அதனை ஏற்கவில்லை. தனித் தொகுதி முறை மக்களைப் பிரித்தே வைக்கும் என்று பலர் கருதினர். அவர்கள் கருதியது சரியே என்பது என் எண்ணம். தோற்ற பின் அவர் சபையை இகழ்ந்துவிட்டு வெளியேறவில்லை. அதே சட்டத்தின்கீழ்ப் பொதுத் தொகுதியில் நின்று, 1962ஆம் ஆண்டு முதல் மஞ்சேரித் தொகுதியின் உறுப்பினராக நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். தனக்கு எதிராக வந்த முடிவையும் ஏற்று, அதன் வரம்புக்குள் நின்று வாதிடும் சிறுபான்மை இல்லையேல், குடியாட்சி நடவாது. அதனைச் செய்யும் மனத்தெம்பு, ‘என் உயிருக்கும் மொழிக்கும் வழிபாட்டிற்கும் இங்கே தீங்கு வாராது’ என்ற நம்பிக்கையிலிருந்தே பிறக்கும்.

அந்த நம்பிக்கை முறிந்தால் என்ன நேரும் என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டா. கடலுக்கு அப்பால் இலங்கை இருக்கிறது. அந்நாட்டின் விடுதலைக் கால அரசியல் சட்டத்திலும் 29ஆம் பிரிவு ஒன்று இருந்தது. எந்த இனத்தார்க்கும் சமயத்தார்க்கும் பிறர்க்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டம் செல்லாது என்று அது கூறிற்று. ஆனால், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழருள் மிகப் பலரைக் குடிமக்கள் அல்லாதவராக்கிற்று. அடுத்த ஆண்டில் அவர்கள் வாக்குரிமையும் போயிற்று. எண்ணப்படும் தலைகளையே குறைத்துவிட்டால், பெரும்பான்மை எளிதில் பெருகும் அன்றோ? 1956ஆம் ஆண்டில் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்னும் சட்டம் முறைப்படி வாக்கெடுத்தே நிறைவேறியது. அதனை எதிர்த்துப் பேசிய சிங்களத் தலைவர்களும் இருந்தனர். அவர்களுள் கொல்வின் ஆர். டி சில்வா ஒருவர். காலத்தின் கோலத்தைப் பாருங்கள்! அவரே அமைச்சராக இருந்து உருவாக்கிய 1972ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் அந்தப் பழைய 29ஆம் பிரிவின் காப்பு இடம்பெறவில்லை. பின்னர் அத்தீவு சிந்திய குருதியை நாம் அறிவோம். தலைகளை எண்ணுவதில் அங்கே குறை நேரவில்லை; எண்ணுவதற்கு ஒரு வரம்பு இல்லாமற் போனதே குறை.

இனிப் பாலாற்றங்கரைக்கு வருவோம். கை தூக்காத அந்தச் சிலர் என்ன செய்தனர்? ஊர் மன்றத்திலும் சட்டமன்றத்திலும் அவர்கள் குரல் சிறிதாக ஒலித்தது. நீரோரத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த தொழிற்சாலை கூடாது என்று 1989ஆம் ஆண்டிலேயே மாநில அரசு ஆணை பிறப்பித்திருந்தது. ஆணை ஏட்டில் இருந்தது. கழிவுநீர் வயலில் இருந்தது. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் 1991ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஐந்தாண்டுகள் வழக்கு நடந்தது. கழிவுநீரைத் தூய்மையாக்கும் நிலையங்களை அமைக்குமாறு நீதிமன்றம் மீண்டும் மீண்டும் காலம் தந்தது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள், நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த மூவர் ஆயம் தீர்ப்பு வழங்கியது.

அத்தீர்ப்பைச் சிறிது ஊன்றிப் பார்த்தல் தகும். நீதிமன்றம் தொழிலை இகழவில்லை. அயல்நாட்டுச் செலாவணியையும் வேலைவாய்ப்பையும் தோல் தொழில் தருகிறது என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால், அப்பயனுக்காகச் சுற்றுச்சூழலை அழிக்கவும் மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கவும் எத்தொழிலுக்கும் உரிமை இல்லை என்றது. கேடு நேரும் என்ற அச்சம் வலுவாக இருக்கும்போது, முழுச் சான்றும் கிட்டட்டும் என்று காத்திராமல் முன்னரே தடுக்க வேண்டும். கேடு செய்தவனே கெட்டுப்போனதைச் சீர்செய்யும் செலவையும் கெட்டவர்க்கு இழப்பீட்டையும் தரவேண்டும். இவ்விரண்டு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அது அறுதியிட்டது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலையும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் கட்டவேண்டும், அவ்வாண்டு நவம்பர் முடிவிற்குள் தூய்மைக் கருவியை அமைத்து இசைவு பெற வேண்டும், பெறாதவை மூடப்படும், பாதிக்கப்பட்டோரைக் கண்டறிந்து இழப்பீட்டை வரையறுக்க, ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஓர் ஆணையத்தை நடுவண் அரசு அமைக்க வேண்டும். தீர்ப்பின் உள்ளடக்கம் சுருக்கமாக இது.

ஓடைக்கரை உழவரின் சமயம் எது, ஆலைக்காரரின் சமயம் எது என்று தீர்ப்பு கேட்கவில்லை. கேட்டிருந்தால், நீரைப் பற்றிய வழக்கு நெருப்பைப் பற்றிய வழக்காக மாறியிருக்கும். பெருந்தொகையினர் ஒரு பக்கம் நின்ற காரணத்தால், சிறுதொகையினரின் கிணறு எடை குறைந்துவிடவும் இல்லை.

இங்கே ஒரு தடையை எழுப்புவோர் உண்டு. “மக்கள் தேர்ந்தெடுத்த அரசு செய்யாததை, யாரும் தேர்ந்தெடுக்காத மூன்று நீதிபதிகள் செய்யலாமா? ஆலை மூடினால் பட்டினி கிடப்பவன் தொழிலாளி அல்லனோ?” என்று அவர்கள் கேட்பர். இது புறந்தள்ளத் தக்க கேள்வி அன்று. தோல் தொழிலில் நாற்றத்தையும் புண்ணையும் தாங்கிக் காலங்காலமாக உழைத்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட ஏழை மக்கள். காலணித் தொழிற்சாலைகளில் இன்று வேலை செய்வோருள் பெண்கள் மிகப் பலர். கிணறு கெட்டவனுக்கு நியாயம் செய்வதற்காக இவர்கள் வயிற்றில் அடிப்பது நியாயம் ஆகாது. ஆதலின், சிலருடைய உரிமை பலருடைய தொழிலை அறவே நிறுத்தும் படைக்கலம் ஆதல் கூடாது. ‘உன் தொழிலை நடத்து, ஆனால், அதன் செலவை என் கிணற்றில் கொட்டாதே’ என்று சொல்லும் அளவே அவ்வுரிமைக்கு உண்டு. தூய்மை நிலையம் கட்டுவதற்குப் பணம் வேண்டும். அதனால் ஆதாயம் குறையும். குறையட்டும். முன்பு அந்த ஆதாயத்தின் ஒரு பகுதி, உழவன் வீட்டிலிருந்து அவனைக் கேளாமல் எடுக்கப்பட்டதே ஆகும். முதல் பாதிக்கு என் விடை இன்னும் எளியது. ஊராட்சியும் நகராட்சியும் சட்டமன்றமும் அந்த உழவன் சொல்லை முதலிலேயே கேட்டிருப்பின், அவன் தில்லிக்குப் போயிருக்க மாட்டான்.

சிறுபான்மையின் உரிமைக்கும் எல்லை உண்டு என்பதை வேலூரே காட்டியிருக்கிறது. ஐடா இசுகடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி, கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக ஓங்கி நிற்கிறது. தன் மாணவரைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை 30ஆம் பிரிவின்படி தனக்கு உண்டு என்று அக்கல்லூரி நெடுங்காலம் வழக்காடிற்று. வழக்கு முடியாதிருந்த 2017ஆம் ஆண்டில், மருத்துவப் பட்ட வகுப்பில் நூறு இடங்களுக்கு ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்துக்கொண்டது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், நாடு முழுமைக்கும் பொதுவான நுழைவுத் தேர்வு சிறுபான்மையோர் கல்லூரிகளுக்கும் பொருந்தும் என்று உச்சநீதிமன்றம் முடிவு கூறியது. அந்தத் தேர்வு வேண்டுமா, வேண்டாவா என்பது தமிழகத்தில் இன்னும் ஓயாத தனி வழக்கு. அதற்குள் நான் புகவில்லை. நாம் இங்குக் கருத வேண்டியது வேறு. கல்லூரியை நிறுவி நடத்தும் உரிமை நிலைத்திருக்கிறது. மருத்துவர் ஆவோரின் தகுதியை அளக்கும் பொதுக்கோல் அவ்வுரிமையால் விலகிவிடவில்லை. கல்லூரி வழக்கில் தோற்றது. ஆயினும் மூடப்படவில்லை, பணிந்து தன் பணியைத் தொடர்ந்தது.

வழக்குத் தொடுக்கச் சங்கம் உடையவர், கல்லூரி உடையவர் ஆகியோரின் செய்தி இது. அவ்வளவும் இல்லாதவரும் இந்நிலத்தில் உண்டு. 2015ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள் விடியற்காலையில், இராணிப்பேட்டை சிப்காட்டுப் பகுதியில், தோல் கழிவு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. அருகே தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் அக்கழிவில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்கள் வாக்கு எங்கோ ஓர் ஊரில் இருந்தது. உழைப்பு இங்கே இருந்தது. இவ்வூர்த் தேர்தலில் அவர்களை எவரும் எண்ணுவதில்லை. அவர்கள் மொழியில் குறை கேட்பாரும் இல்லை. கழிவுநீரைத் தூய்மையாக்க எழுந்த நிலையமே எளியவர் உயிரைக் கொண்டது என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு வேகிறது. எண்ணிக்கையில் சிறுத்தோருள்ளும் மிகச் சிறுத்தோர் இவர்கள். பெரும்பான்மை ஆட்சியின் நேர்மையை அளக்க விரும்புவோர், வாக்குச்சாவடியில் நின்று பாராமல், இத்தகையோர் உறங்கும் இடத்தைச் சென்று பார்க்க வேண்டும்.

1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் ஊர் ஊராக ஆராய்ந்தது. 2001ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அது தன் முடிவை வெளியிட்டது. அன்றைய வேலூர் மாவட்டத்தில் ஏழு வட்டங்களைச் சார்ந்த 186 ஊர்களில் 29,193 பேர் பாதிக்கப்பட்டவர் என்று கண்டது. ஏறத்தாழ 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் இழப்பீடு வரையறுத்தது. அதனை 547 தோல் தொழிற்சாலைகளிடமிருந்து பெற வேண்டும் என்றது. தலைக்குப் பகுத்துப் பார்த்தால் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு. ஓர் ஏக்கர் நிலத்தை இழந்தவனுக்கு அது எம்மட்டு? அதுவும் எல்லார் கைக்கும் உடனே வந்து சேரவில்லை. கழிவு முற்றும் நிற்கவும் இல்லை. வழக்கு மீண்டும் மீண்டும் நீதிமன்றப் படியேறியது. இதற்கிடையே அந்த மாவட்டமே 2019ஆம் ஆண்டில் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தன. ஆர்க்காடு இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆட்சியர் அலுவலகங்கள் ஒன்று மூன்றாயின. ஆற்றின் மணலில் இறங்கிய உப்பு பிரிந்து போகவில்லை.

2025ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள், நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் இவ்வழக்கில் மற்றொரு தீர்ப்பு வழங்கினர். இழப்பீடு இன்னும் பெறாத குடும்பத்தார்க்கு ஆறு வாரத்திற்குள் மாநில அரசு அதனைத் தரவேண்டும். தந்த தொகையை மாசு செய்தவரிடமிருந்து அரசு பெற்றுக்கொள்ளலாம். இழப்பீட்டோடு கடமை முடியாது, கெட்ட சூழலைப் பழைய நிலைக்குக் கொணரும்வரை மாசு செய்தவரின் பொறுப்புத் தொடரும். இவற்றைக் கண்காணிக்க, ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவை அரசு அமைக்க வேண்டும். வேலூர்ச் சங்கத்தார் முதன்முதல் மனுவுடன் தில்லிக்குச் சென்ற ஆண்டில் பாலாற்றங்கரையில் பிறந்த குழந்தைக்கு, இந்தத் தீர்ப்பு வந்த நாளில் ஏறத்தாழ முப்பத்து மூன்று வயது. அக்குழந்தைக்கு இப்பொழுது பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கலாம். அவர்கள் வீட்டுக் கிணற்று நீரைக் குடிக்கலாமா என்பதை, குழு வந்து அளந்து சொல்ல வேண்டும்.